மெஸ்காரர் தேர்தலுக்கு நின்ற வருஷம்

தெருமுனையில் திரும்பும்போதே மணி அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு சைக்கிள் மணி என்றால் காது தாங்கும். காலேஜில் பாதி சைக்கிளில் ஏறி வந்து மணி அடித்தால் என்ன செய்வது? சிதம்பரத்தில் கீழ வீதிக்குப் பின்னால் இருந்தது எங்கள் தெரு. எதிரெதிரே இரண்டு மாட்டு வண்டி வந்தாலே ஒன்று பின்னால் போக வேண்டும். அதற்குள் அத்தனை பையன்களும் நுழைந்து, "போடுங்கம்மா ஓட்டு, சைக்கிளைப் பாத்து" என்று கத்தியபடி போனார்கள்.

சைக்கிள்தான் அப்பாவின் சின்னம். நகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டுக்குச் சுயேச்சையாக நின்றார். வாசலில் சாமந்தி மாலையும் தோளில் ஈரத்துண்டுமாக நின்று, கும்பிட்ட கையை இறக்காமல் சிரித்துக்கொண்டிருந்தார். ஈரத்துண்டு எதற்கென்றால், அவர் அப்போதுதான் இலை எடுத்துவிட்டு வந்திருந்தார். கலியபெருமாள் மெஸ்ஸின் முதலாளியும் அவரே, இலை எடுப்பவரும் அவரே.

ஊர்வலம் போனதும் உள்ளே வந்து, "பாத்தியா அஞ்சல, ஊரே நம்ம பக்கம்" என்றார்.

அம்மா சாம்பாருக்குப் பெருங்காயம் கரைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமல், "எத்தினி இலை போடணும்?" என்று கேட்டாள். கத்தியவர்கள் எல்லாரும் சாப்பிடத் திரும்பி வருவார்கள் அல்லவா, அதுதான் அவள் கவலை.

இந்தத் தொடரில் அப்பாவை அதிகம் கிண்டல் செய்கிறேன் என்று என் தம்பி கோபித்துக்கொண்டிருக்கிறான். அவன் கோபப்படட்டும். தேர்தல் நடந்தபோது அவன் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு தெருவில் கோலி ஆடியவன். அவன் அக்காவான எனக்கு இருபது வயது. எல்லாம் விவரமாகப் பார்க்கிற வயதுதான். ஓட்டுப் போடத்தான் அது போதவில்லை. அந்தக் காலத்தில் இருபத்தொன்று முடிந்தால்தான் ஓட்டு.

அந்த ஒரு விவரத்தை அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருக்க மாட்டார்.

வாடகை வேண்டும், வாடகைக்காரன் வேண்டாம்

அப்பா ஏன் நின்றார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் பெரும்பாலான வீடுகளில் மாடியிலோ பின்கட்டிலோ காலேஜ் பையன்கள் குடியிருந்தார்கள். அந்த வாடகையில்தான் தெருவே காபி குடித்தது. ஆனால் பையன்களைத் தெருவுக்குப் பிடிக்காது. ராத்திரி பாடுகிறான்கள், பெண்களைப் பார்க்கிறான்கள், சுவரில் சைக்கிளைச் சாத்துகிறான்கள். இத்தனைக்கும் காரணம் யார்? எல்லா ஊர்ப் பையன்களையும் ஒரே இடத்தில் கூட்டிச் சோறு போடுகிற கலியபெருமாள்.

எதிர்வரிசையில் சபாநாயகம் என்று ஓய்வுபெற்ற ஒரு ஹெட்கிளார்க் இருந்தார். பென்ஷன் வாங்கிய நாளிலிருந்து மனு எழுதுவதே அவர் தொழில். எச்சிலை நாற்றம், விறகுப் புகை, சாக்கடை அடைப்பு என்று எங்கள் மெஸ்மீது எழுதி எழுதி, கடைசியில் நகராட்சியிலிருந்து நோட்டீஸும் வந்துவிட்டது. குடியிருப்புத் தெருவில் சாப்பாட்டுக் கடை கூடாதாம். வார்டு உறுப்பினர் என்ன சொல்கிறாரோ அதன்படி லைசென்ஸ் முடிவாகும் என்றார்கள்.

அந்தச் சமயம் பார்த்துத் தேர்தல் வந்தது. சபாநாயகம் குடைச் சின்னத்தில் நின்றார். வெளியே சுயேச்சை, உள்ளே ஆளுங்கட்சி. அவர் சொன்ன வாக்குறுதி ஒன்றே ஒன்று. ஜெயித்தால் மெஸ்ஸைத் தெருவை விட்டு எடுத்துவிடுவேன் என்றார்.

"எடுத்துடுவானா? நானே நிக்கிறேன்டா" என்று அப்பா கிளம்பிவிட்டார்.

ஜெயித்தால் மெஸ் இருக்கும். தோற்றால் மூட வேண்டும். வீட்டில் வேறு பேச்சே இல்லை.

திருப்பாதிரிப்புலியூர் நிபுணர்

கடலூரிலிருந்து அம்மாவின் தம்பி தண்டபாணி மாமா வந்து இறங்கினார். திருப்பாதிரிப்புலியூர் தேரடிப் பக்கம் மளிகைக் கடை வைத்திருந்தார். இரண்டு தேர்தலில் பூத் ஏஜெண்டாக உட்கார்ந்தவர். இரண்டிலும் அவர் கட்சி தோற்றது. ஆனாலும் எங்கள் வீட்டில் அவர்தான் தேர்தல் நிபுணர்.

கட்சிப் பெயர்களை நான் எழுதப் போவதில்லை. இரண்டு பக்கமும் எனக்குச் சம்பந்திகள் இருக்கிறார்கள். பையன்கள் எல்லாம் அப்போது எதிர்க்கட்சி. மொழிப் போராட்டத்தில் அடி வாங்கிய சூடு ஆறாத காலம். மாணவர் நினைத்தால் ஆட்சியே மாறும் என்று பத்திரிகைகள் எழுதின. அப்பா அதைப் படித்துவிட்டு, ஆட்சியே மாறும்போது ஒரு வார்டு மாறாதா என்று நம்பினார்.

மாமா வந்த அன்று மத்தியானம் பந்தியில் நின்று, "தம்பிங்களா, இருபத்தொண்ணு முடிஞ்சவங்க கையத் தூக்குங்க" என்றார்.

வலது கையில் ரசம் இருந்ததால் இடது கையைத் தூக்கினார்கள். தூக்கியவர்கள் ஒரு பெஞ்சு நிறையக்கூட இல்லை. அப்பா முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"மத்தவங்க?" என்றார் மாமா.

"எங்களுக்கு வயசு பத்தல சார். ஆனா உசுரக் குடுப்போம்" என்றான் ஒருவன்.

"உசுரு வாணாம்பா, ஓட்டுதான் வேணும். நீ சாப்புடு."

பெயிலானவர் சங்கம்

கை தூக்கியவர்கள் யார் என்று மாமா விசாரித்தார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒருவன் பாக்கியில்லாமல் எல்லாரும் பெயிலானவர்கள். யோசித்துப் பார்த்தால் இதில் அதிசயம் எதுவும் இல்லை. ஒழுங்காகப் படிக்கிறவன் பதினேழு வயதில் வந்து இருபதில் பட்டத்தோடு ஊர் போய்ச் சேர்ந்துவிடுகிறான். கணக்கிலும் இங்கிலீஷிலும் மாட்டிக்கொண்டு, வருஷா வருஷம் பரீட்சைக்குப் பணம் கட்டுகிறவன்தான் எங்கள் தெருவிலேயே இருந்து, இருபத்தொன்று தாண்டி, வாக்காளர் பட்டியலில் ஏறுகிறான்.

"மாமா, பெயிலான பயலுவளதான் நாம நம்பணும்" என்று அப்பாவிடம் சொன்னார் தண்டபாணி மாமா. அக்காள் புருஷனை மாமா என்றுதான் கூப்பிடுவார்.

அந்தச் சங்கத்துக்குத் தலைவன் கோவிந்தராசு. மேல்பட்டாம்பாக்கத்துக் கரும்பு விவசாயி மகன். அவனோடு சேர்ந்தவர்கள் வாத்தியாராகி, கல்யாணம் முடித்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடராஜர் தரிசனத்துக்கு வந்து போனார்கள். கோவிந்தராசு மட்டும் எங்கள் மெஸ்ஸில் கத்தரிக்காய் கொத்சுக்கு உப்பு போதுமா என்று சொல்கிற பதவியில் இருந்தான். தங்கமான பையன். அப்பாவுக்காக வீடு வீடாக ஏறி இறங்கினான்.

இதில் ஒரு சிக்கல் வந்தது. தேர்தலுக்கு முன்னால் மறுபரீட்சை முடிவு வர வேண்டியிருந்தது.

அப்பா ஒவ்வொரு வருஷமும் பரீட்சை முடிவுக்கு முதல் நாள் தில்லைக் காளி கோயிலுக்குப் போய்ப் பையன்கள் பாஸாக வேண்டும் என்று தேங்காய் உடைப்பார். அந்த வருஷமும் தேங்காயோடு போனார். போனவர் அதே தேங்காயோடு திரும்பி வந்தார். சந்நிதியில் நின்றபோது என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லையாம். பாஸாகட்டும் என்றால் ஊருக்கு மூட்டை கட்டிவிடுவார்கள், மெஸ் போகும். பெயிலாகட்டும் என்றால் நாக்கு அழுகும். அம்மா அந்தத் தேங்காயைச் சட்னி அரைத்துவிட்டாள்.

முடிவு வந்தது. பாவிகள், முக்கால்வாசிப் பேர் பாஸாகிவிட்டார்கள். அத்தனை வருஷம் படிக்காத பையன்கள், தேர்தல் வேலை என்று ராத்திரி விழித்திருந்த பழக்கத்தில் புத்தகத்தையும் புரட்டியிருக்கிறார்கள்.

கோவிந்தராசு லட்டுப் பொட்டலத்தோடு வந்து அப்பா காலில் விழுந்தான். "பாஸாயிட்டேங்க" என்றான். அப்பா அவனைத் தூக்கிக் கட்டிக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியது நிஜம். அதில் எத்தனை பங்கு சந்தோஷம் என்று எனக்குத் தெரியாது.

"ஓட்டுக்கு வந்துடுவல்ல?" என்றார்.

"இன்னாங்க இப்டிக் கேட்டுட்டீங்க. நடந்தாவது வருவேன்."

அவன் போன பிறகு அப்பா விறகுக் கட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "நல்ல புள்ளதான். ஒரு மாசம் கழிச்சு பாஸாகியிருக்கக் கூடாதா?" என்றார் மாமாவைப் பார்த்து.

அம்மாவின் கேள்வி

அம்மா இந்த அமளியில் என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். சமைத்தாள். கோழி கூவுவதற்கு முன்னால் எழுந்து சவுக்கு விறகு மூட்டுவாள். ஆட்டுக்கல்லில் உட்கார்ந்தால் அவளுக்கும் கல்லுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு மாவு தெறித்திருக்கும். காலை இட்லி, மத்தியானம் சாப்பாடு, ராத்திரி மறுபடி அடுப்பு. தீபாவளிக்கும் லீவில்லை, ஏனென்றால் ஊருக்குப் போகக் காசில்லாத பையன்கள் நாலு பேர் எப்போதும் இருப்பார்கள்.

தேர்தல் பற்றி அவள் கேட்டது ஒரே கேள்விதான். அதைத்தான் எல்லாரிடமும் கேட்டாள்.

"ஏன்டா தம்பி, தோத்துட்டா மெஸ்ஸ நிச்சயமா மூடச் சொல்லிடுவாங்களா?"

"மூடிடுவாங்கக்கா. பேசாம எங்கூட கடலூரு வந்துட வேண்டியதுதான். கடையில மாமா உக்காரட்டும், நீ சும்மா இரு."

"சும்மாவா?" என்றாள் அம்மா.

"கவலப்படாத. தோக்க மாட்டோம்" என்றார் அப்பா.

என் பங்குக்கு நானும் ஆறுதல் சொன்னேன். பாவம், பயப்படுகிறாள் என்று நினைத்தேன்.

இங்கே தேர்தல் நிபுணர் கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் இருபத்தைந்திலிருந்து நாற்பது வயது வரை ஆண்பிள்ளைகளே கிடையாது. அவர்கள் நெய்வேலிக்கும் மெட்ராஸுக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். மிச்சம் யார்? பென்ஷன் வாங்கும் கிழவர்கள், ஓட்டில்லாத பையன்கள், பெண்கள். பட்டியலை எடுத்துப் பார்த்தால் பெண்கள்தான் ஜாஸ்தி. ஆனால் ஒரு பெண்ணிடமும் யாரும் ஓட்டுக் கேட்கவில்லை. சபாநாயகம் வீட்டுக்காரரிடம் கேட்டார். அப்பாவும் வீட்டுக்காரரிடம்தான் கேட்டார். "ஐயா சொன்னா வூட்டுல எல்லாம் போட்டுடுவாங்க" என்பது மாமாவின் கணக்கு.

பெண்கள் தேர்தலைப் பற்றிப் பேசியது தெருக்குழாயடியில். அங்கே ஆண்கள் யாரும் குடம் தூக்கி வருவதில்லை.

ராகு காலமும் வீட்டுக்காரர் பெயரும்

தேர்தல் நடந்த கிழமைக்குக் காலையிலேயே ராகு காலம். பூத் திறந்து வெகுநேரம் ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. மாமா வேர்த்து விறுவிறுத்துப் போனார். ராகு காலம், எமகண்டம் எல்லாம் மூடநம்பிக்கை என்று வாரம் தவறாமல் மேடையில் முழங்கும் மாணவர் தலைவன் ஒருவன் எங்கள் பக்கத்து ஆள். பெயிலானவன் என்பதால் ஓட்டும் உண்டு. அவனையாவது போய்ப் போடச் சொன்னார் மாமா. "பொறுங்க சார், ஒரு டீ அடிச்சுட்டுப் போறேன்" என்று அவன் டீயைக் குடித்தான், குடித்தான், ராகு காலம் முடிகிற வரைக்கும் குடித்தான்.

அதன் பிறகு கிழவர்கள் குடையோடு வந்தார்கள். வெயிலுக்குக் குடை பிடிப்பது பிரசாரமாகாதா என்று மாமா சண்டைக்குப் போய், போலீஸ்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

காலைப் பலகாரம் முடிந்து மத்தியானச் சோறு வடிப்பதற்கு முன்னால் கிடைத்த இடைவெளியில் பெண்கள் ஒன்றாகப் போனார்கள். அம்மாவும் போனாள். நான் துணைக்குப் போய்ப் பள்ளிக்கூட வாசலில் நின்றேன். வரிசை வேகமாக நகரவில்லை. பெயரைச் சரிபார்க்கிற வாத்தியார், "வீட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்று கேட்பார். எந்தப் பொம்பளை புருஷன் பெயரைச் சொல்லுவாள்? பின்னால் நிற்கிறவள் சொல்ல வேண்டும். அவள் புருஷன் பெயரும் அதுவாக இருந்தால் அவளும் சொல்ல மாட்டாள். சிதம்பரத்தில் எத்தனை நடராஜன் என்று உங்களுக்கே தெரியும்.

அம்மா முறை வந்தது. வீட்டுக்காரர் பெயரைக் கேட்டார்கள். தெருச் சுவரெல்லாம் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்த பெயர். அம்மா வாயைத் திறக்கவில்லை. பின்னாலிருந்தவள் சிரித்துக்கொண்டே, "சைக்கிள்காரர் பொஞ்சாதிங்க" என்றாள். சின்னத்தைப் பூத்துக்குள் சொல்லக் கூடாது என்று குடைக்காரர் ஏஜெண்ட் எழுந்து கத்தினார். ஒருவழியாக அம்மா உள்ளே போய் முத்திரை குத்திவிட்டு வந்தாள். மை காய்வதற்குள் அரிசி களைய உட்கார்ந்துவிட்டாள்.

கோவிந்தராசு வரவில்லை. அன்றைக்கு அவர்கள் வயலில் கரும்பு வெட்டு. ஆலையிலிருந்து வெட்டச் சொல்லி உத்தரவு வந்தால் பட்டதாரி என்ன, பரமசிவனே ஆனாலும் வயலில்தான் நிற்க வேண்டும்.

ஒரு பெஞ்சு

அப்பா தோற்றார். எங்கள் மெஸ் பெஞ்சு ஒன்றில் உட்கார வைத்துவிடலாம், வித்தியாசம் அவ்வளவு பேர்தான்.

"பாஸாகித் தொலைச்சானுவளே" என்று அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மாமா சட்டைப் பையில் இருந்த பட்டியலைக் கிழித்துப் போட்டார். சங்கடமாகத்தான் இருந்தது.

பின்கட்டுக்குப் போனேன். அம்மா கிணற்றடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பகல் வெளிச்சத்தில் அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "விடும்மா, நம்மளால ஆனத செஞ்சோம். நீயும்தான் அவ்ளோ வேலையில போயி அப்பாவுக்கு ஓட்டுப் போட்டுட்டு வந்த" என்றேன்.

"நான் எங்க உங்கப்பாவுக்குப் போட்டேன்?" என்றாள். "குடைக்குல்ல குத்துனேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புருஷன் பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று பூத்தையே நிறுத்தி வைத்தவள் இவள்தானே?

"அந்தாளுதான மெஸ்ஸ எடுத்துடுறேன்னாரு. இவுரு எடுக்குறேன்னு சொன்னா இவுருக்குப் போட்டிருப்பேன்." கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். உள்ளங்கையில் உலக்கைத் தழும்பு. "கடலூருக்குப் போயிட்டா நாலு பேருக்கு மட்டும் சோறாக்கலாம்டி. நாலே பேரு. ஒரு சின்னச் சட்டியில. எப்டி இருக்கும்னு ஒருக்கா பாக்கணும்."

அவள்மீது கோபம் வந்தது என்றுதான் எழுத நினைத்தேன். கோபம் வரவில்லை. எனக்கு அழுகை வந்தது.

பாயசம்

மறுநாள் சபாநாயகம் வாங்கிய மாலையோடு எங்கள் வீட்டுக்கே வந்தார். அப்பா விறைப்பாக நின்றார்.

"தேர்தல் வேற, அக்கம்பக்கம் வேற, கலியபெருமாள். மெஸ்ஸை எடுத்தா பையங்க ரூமைக் காலி பண்ணிடுவோம்னு சொல்றாங்க. தெருவுல எல்லாரும் ராத்திரியே எங்கிட்ட வந்துட்டாங்க. வாடகை போச்சுன்னா என்ன பண்றதுன்னு கேக்குறாங்க. என் மாடியிலயும்தான் பையங்க குடியிருக்காங்க. சைக்கிளை மட்டும் ஒழுங்கா நிறுத்தச் சொல்லுங்க. லைசென்ஸை நான் பாத்துக்கறேன்."

அப்பா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "தோத்தும் ஜெயிச்சுட்டோம்டா மச்சான்" என்று மாமாவிடம் கத்தினார். அன்று மத்தியானம் தெருவுக்கே பாயசச் சாப்பாடு என்று அறிவித்தார்.

பாயசத்தை யார் காய்ச்சியது என்று நான் எழுத வேண்டியதில்லை. அம்மா பரணிலிருந்து பெரிய தேக்சாப் பாத்திரத்தை இறக்கிவைத்து அடுப்பை ஊதினாள். புது உறுப்பினர் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, ஏலக்காய் கொஞ்சம் தூக்கல் என்றார்.

அதற்கப்புறம் எத்தனையோ தேர்தல் வந்தது. எனக்கு இருபத்தொன்று ஆனது, கல்யாணமாகித் திருப்பாதிரிப்புலியூருக்கு வந்தேன். நாலு பேருக்குச் சமைக்கிற அடுப்பு எனக்குத்தான் கிடைத்தது. அம்மா மட்டும் அப்புறம் ஒரு தேர்தலுக்கும் போகவில்லை. கூப்பிட்டால், "அடுப்புல வேல கெடக்கு" என்பாள்.

ஒருமுறை பிறந்த வீட்டுக்குப் போயிருந்தபோது, காலேஜிலிருந்து ஆராய்ச்சி மாணவன் ஒருவன் வந்தான். நகரத்துப் பெண்கள் ஏன் சரியாக ஓட்டுப் போடுவதில்லை என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுகிறானாம். அம்மா எதிரேதான் நின்றாள். அவன் அப்பாவைப் பார்த்து, "உங்க வீட்டம்மா போன தேர்தல்ல ஓட்டுப் போடலைன்னு சொன்னீங்களே, ஏன் சார்?" என்று கேட்டான்.

"அவளுக்கு இன்னா தம்பி தெரியும் அரசியலு?" என்றார் அப்பா.

அவன் அப்படியே எழுதிக்கொண்டான். அம்மா அவனுக்கு இலை போட்டாள்.